மூன்றாவது இருக்கை யாருக்கு?

2013-ஆம் ஆண்டில், பெங்களூருவிலிருந்து ஐதராபாத் சென்ற ஏர் இந்தியா விமானம் ஒன்றில், விமானி அறைக்குள் உள்ள பார்வையாளர் இருக்கையில் திரைப்பட நடிகை ஒருவர் அமர்ந்து பயணம் செய்தார். புகார் எழுந்தது. இரண்டு விமானிகளும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். முதலாளித்துவப் பத்திரிகைகள் அதைச் சினிமாச் செய்தியாகச் சுவைத்து எழுதிவிட்டு மறந்தன. அந்த இருக்கை எதற்காக அங்கே இருக்கிறது, யாருக்கு உரியது என்ற கேள்வியை அன்று யாரும் கேட்கவில்லை.

பத்தாண்டுகள் கழித்து அதே கதை திரும்பியது. 2023 பிப்ரவரி 27 அன்று துபாயிலிருந்து தில்லி வந்த ஏர் இந்தியா விமானத்தில், தலைமை விமானி தமது தோழியை விமானி அறைக்குள் அழைத்தார். டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அவரது உரிமத்தை மூன்று மாதம் நிறுத்திவைத்தது. உரிய நேரத்தில் நடவடிக்கை எடுக்கத் தவறிய நிறுவனத்திற்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. முதல் நிகழ்வின்போது ஏர் இந்தியா பொதுத்துறையில் இருந்தது. இரண்டாவதின்போது டாடா குழுமத்தின் கையில் இருந்தது. உடைமை மாறியது, அந்த இருக்கை சலுகைப் பொருளாகக் கருதப்படும் மனநிலை மாறவில்லை. இதை மறைப்பதால் நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

தவறு செய்தவர்களைத் தண்டித்தது சரியே. ஆனால், தண்டனையோடு விவகாரம் முடிந்துவிட்டதாகக் கருதுவது சரியல்ல. அந்த இருக்கை வேடிக்கை பார்ப்பதற்கானது அல்ல என்றால், அது யாருடைய வேலைக்கானது? அந்த வேலையைச் செய்வோருக்கு அது உரிமையாகக் கிடைக்கிறதா, அல்லது நிர்வாகம் மனம் வைத்தால் மட்டும் கிடைக்கிறதா? விமானப் போக்குவரத்தில் பணிபுரியும் தோழர்கள் எழுப்ப வேண்டிய கேள்வி இது. இது வசதி பற்றிய கேள்வி அன்று. பாதுகாப்பு பற்றியது, உழைப்போரின் அறிவு யாருடைய கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்பது பற்றியது.

ஏட்டுச் சுரைக்காய்

விமானி அறையில் தலைமை விமானிக்கும் துணை விமானிக்கும் பின்னால், மடக்கி வைக்கத்தக்க இருக்கை ஒன்றோ இரண்டோ இருக்கும். ஜம்ப் சீட் என்பது அதன் தொழில்வழக்கு. விமானிகளைச் சோதிக்கும் தேர்வாளர், டிஜிசிஏ ஆய்வாளர், பயிற்சியில் உள்ள விமானி ஆகியோர் அதில் அமர்வர். அங்கே அமர வேண்டிய மற்றொருவரும் இருக்கிறார். பயணிகள் அவரை ஒருபோதும் பார்த்ததில்லை. அவர்தான் டிஸ்பாட்சர்.

விமானம் புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பே அவரது வேலை தொடங்குகிறது. எந்த வழித்தடம், எந்த உயரம், எவ்வளவு எரிபொருள், வழியில் என்ன வானிலை, இறங்க வேண்டிய நிலையத்தில் இறங்க முடியாவிட்டால் எந்த நிலையத்திற்குத் திரும்புவது என்பதையெல்லாம் கணக்கிட்டுப் பறப்புத் திட்டத்தை ஆயத்தம் செய்பவர் அவரே. குளிர்கால விடியற்காலையில் தேவனஹள்ளியில் மூடுபனி இறங்கும்போது, கெம்பேகவுடா நிலையத்திற்கு வரும் விமானங்கள் சென்னைக்கோ ஐதராபாத்துக்கோ திருப்பிவிடப்படுவதை நாம் செய்தியாகப் படிக்கிறோம். அப்படித் திரும்புவதற்குத் தேவையான எரிபொருள் தொட்டியில் இருக்கிறதென்றால், முந்தைய இரவில் யாரோ ஒருவர் திரையின் முன் உட்கார்ந்து அந்தப் பனியை எதிர்பார்த்துக் கணக்குப் போட்டிருக்கிறார் என்று பொருள். கூடுதல் எரிபொருள் என்றால் கூடுதல் எடை. கூடுதல் எடை என்றால் கூடுதல் செலவு. எனவே அவருடைய மேசைதான் பாதுகாப்பும் இலாபமும் நேருக்கு நேர் மோதும் இடம்.

அமெரிக்காவில் இந்தப் பணிக்குச் சட்டத் தகுதி கிடைத்ததே ஒரு விபத்திற்குப் பிறகுதான். 1935 மே மாதம் மிசூரி மாநிலத்தில் நிகழ்ந்த விமான விபத்தில் செனட்டர் பிரான்சன் கட்டிங் இறந்தார். அதைத் தொடர்ந்து எழுந்த கொந்தளிப்பின் விளைவுகளில் ஒன்று 1938-ஆம் ஆண்டின் சிவில் விமானப் போக்குவரத்துச் சட்டம். பெரிய விமான நிறுவனங்களின் பயணங்களைப் பொறுத்தவரை, திட்டமிடலுக்கும் தாமதத்திற்கும் புறப்பாட்டு அனுமதிக்கும் தலைமை விமானியும் டிஸ்பாட்சரும் கூட்டாகப் பொறுப்பாளிகள் என்பது அங்கே இன்று விதி. ஆண்டுதோறும் குறைந்தது ஐந்து மணி நேரமாவது விமானி அறையில் அமர்ந்து பறப்பை நேரில் கவனிக்க வேண்டும் என்பதும் விதி.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் உடன்படிக்கையில் ஆறாவது இணைப்பும் இதையே வேறு அளவில் கூறுகிறது. தாம் கண்காணிக்கும் வான்பகுதியின் மீது, முந்தைய 12 மாதங்களுக்குள் ஒரு முறையேனும் விமானி அறையில் இருந்தபடி ஒருவழிப் பயணமாவது மேற்கொள்ளாதவரை டிஸ்பாட்சர் பணியில் அமர்த்தலாகாது என்பது அதன் சாரம். இயன்ற அளவு பல நிலையங்களில் இறங்கும் வகையில் அந்தப் பயணம் அமைய வேண்டும் என்றும் அது விரும்புகிறது.

இந்த விதியின் பின்னுள்ள அறிவு எளிமையானது. வரைபடத்தில் ஒரு கோடாகத் தெரியும் மலைத்தொடர் விமானி அறையின் கண்ணாடியில் வேறாகத் தெரியும். திரையில் மஞ்சள் நிறத் திட்டாக நகரும் மேகத்தைச் சுற்றிச் செல்ல விமானி அனுமதி கேட்டு, அது கிடைக்காமல் காத்திருக்கும் அந்த இரண்டு நிமிடம் எப்படி இருக்கும் என்பதை அருகில் அமர்ந்தவரே அறிவார். அதை அறியாமல் போடப்படும் திட்டம் ஏட்டுச் சுரைக்காய், கறிக்கு உதவாது.

இரயில்வேத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டிய தேவையே இல்லை. புதிய தடத்தில் வண்டி ஓட்டுவதற்கு முன் லோகோ பைலட் அந்தத் தடத்தில் எஞ்சினில் சென்று ஒவ்வொரு சிக்னலையும் வளைவையும் ஏற்ற இறக்கத்தையும் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு ரோடு லேர்னிங் என்று பெயர். நிர்வாகம் ஆள்பற்றாக்குறையைக் காட்டி அதைச் சுருக்க முயலும்போதெல்லாம் தொழிற்சங்கம் எதிர்த்து நிற்கிறது. வானத்துக்கும் ஒரு ரோடு லேர்னிங் உண்டு. அதற்கான இடம்தான் மூன்றாவது இருக்கை.

ஆண்டுக்கு ஒரு பயணம் என்பது குறைந்தபட்ச அளவு. குறைந்தபட்சத்தையே உச்சவரம்பாக்குவதும், ஆள் போதவில்லை என்று அந்த ஒரு பயணத்தையும் ஓய்வு நாளில் தள்ளிவிடுவதும், கையெழுத்தில் முடித்துவிடுவதும் எளிது. அதைத் தடுப்பதற்குத் தொழிலாளியின் கையில் உரிமை இருக்க வேண்டும். நிர்வாகத்தின் நல்லெண்ணம் போதாது.

ஒரே கோளாறு, இரண்டு முடிவுகள்

மூன்றாவது ஆளின் கண்ணுக்கு என்ன மதிப்பு என்பதை உலகம் 2018 அக்டோபரில் கண்டது. இந்தோனேசியாவின் லயன் ஏர் நிறுவனத்தின் போயிங் 737 மேக்ஸ் விமானம் பாலித் தீவின் தென்பசாரிலிருந்து ஜகார்த்தாவுக்குப் புறப்பட்டது. பழுதான உணரி ஒன்று தவறான தகவலைத் தர, மென்பொருள் விமானத்தின் மூக்கை மீண்டும் மீண்டும் கீழே அழுத்தியது. இரு விமானிகளும் கட்டுப்பாட்டோடு மல்லுக்கட்டினர். அன்று பணியில் இல்லாத மூன்றாவது விமானி ஒருவர் பின்னிருக்கையில் பயணம் செய்துகொண்டிருந்தார். சிக்கலைப் புரிந்துகொள்ள அவர் உதவினார் என்பது பின்னர் வெளியானது. வால்பகுதியின் மின்னியக்கம் துண்டிக்கப்பட்டது. விமானம் பத்திரமாக ஜகார்த்தாவில் இறங்கியது.

மறுநாள், அக்டோபர் 29. அதே விமானம், அதே கோளாறு. முந்தைய இரவில் நடந்தது பராமரிப்புப் பதிவேட்டில் முழுமையாக ஏறவில்லை. மூன்றாவது ஆளும் இல்லை. ஜாவாக் கடலில் விழுந்து 189 பேர் மாண்டனர். ஐந்து மாதத்திற்குள் எத்தியோப்பியாவில் அதே வகை விமானம் விழுந்து மேலும் 157 பேர் இறந்தனர்.

மூன்றாவது இருக்கையில் ஆள் இருந்தால் எல்லா விபத்தும் நின்றுவிடும் என்று நாம் வாதிடவில்லை. விபத்தின் வேர் போயிங் நிறுவனத்தின் இலாப வெறியில் இருந்தது. அந்த மென்பொருளைப் பற்றி விமானிகளின் கையேட்டில் ஒரு சொல்லும் இல்லை. விமானிகளுக்குப் புதிதாகச் சிமுலேட்டர் பயிற்சி தேவைப்பட்டால் விமானம் ஒன்றுக்குப் பத்து லட்சம் டாலர் தள்ளுபடி தருவதாகச் சவுத்வெஸ்ட் நிறுவனத்திற்குப் போயிங் வாக்களித்திருந்ததை அமெரிக்க நாடாளுமன்றக் குழுவே வெளிக்கொணர்ந்தது. பயிற்சி என்பது செலவு; செலவைக் குறைக்க அறிவைக் குறை என்பதே அந்த ஒப்பந்தத்தின் பொருள். அந்தக் குற்றத்தின் விளைவு ஓர் இரவு தடுக்கப்பட்டதற்குக் காரணம், கூடுதலாக ஒரு தொழிலாளியின் அனுபவம் அந்த அறைக்குள் இருந்ததுதான்.

இருக்கை காலியான வரலாறு

முன்பு அந்த அறையில் மூன்றாமவர் விருந்தாளியாக அமர்ந்திருக்கவில்லை, பணியாளராகவே இருந்தார். பறப்புப் பொறியாளர் என்பது அவர் பதவி. எஞ்சின், எரிபொருள், மின்சாரம், அழுத்தம் ஆகியவற்றைக் கவனிப்பது அவர் வேலை. கணினி வந்தது, அவர் வேண்டாம் என்றனர் உற்பத்தியாளர்கள். அமெரிக்க விமானிகள் சங்கம் எதிர்த்தது. 1981 ஜூலையில் ரீகன் அமைத்த குழு இருவரே போதும் என்று தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே, வேலைநிறுத்தம் செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோரை அதே ரீகன் வேலையிலிருந்து விரட்டினார். இவ்விரு முடிவுகளையும் ஒரே அரசியலின் இரு கைகளாகப் பார்ப்பதே சரி.

தொழில்நுட்பத்தை நாம் எதிர்ப்பவர்கள் அல்லர். கணினி வந்த பிறகு விமானப் பயணம் ஒட்டுமொத்தத்தில் பாதுகாப்பானது என்பதை மறுக்க முடியாது. நம் கேள்வி வேறு. கணினி மிச்சப்படுத்திய உழைப்பு யாருக்குப் போய்ச் சேர்ந்தது? ஓய்வாக விமானிக்குச் சேர்ந்ததா, பயிற்சியாக டிஸ்பாட்சருக்குச் சேர்ந்ததா, அல்லது பங்குதாரரின் இலாபமாக மாறியதா?

பெங்களூருவுக்கு இந்த வரலாற்றில் மறக்க முடியாத ஒரு நாள் உண்டு. 1990 பிப்ரவரி 14 அன்று, மும்பையிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸின் ஏர்பஸ் ஏ-320 விமானம், பழைய எச்.ஏ.எல். நிலையத்தில் இறங்கும்போது ஓடுதளத்திற்கு முன்பிருந்த கோல்ஃப் மைதானத்தில் விழுந்து தீப்பற்றியது. 146 பேரில் 92 பேர் இறந்தனர். அந்த வகை விமானம் நம் நாட்டுக்கு வந்து ஓராண்டு கூட ஆகவில்லை. இருவர் மட்டுமே இயக்கும் விமானம் அது. எஞ்சின்கள் குறைந்த விசையில் இருந்ததும் வேகம் சரிந்ததும் உரிய நேரத்தில் விமானிகளால் உணரப்படவில்லை. அந்த இருவரில் ஒருவர் தலைமை விமானியாக உயர்வதற்கான சோதனைப் பறப்பில் இருந்தார். மற்றவர் அவரைச் சோதித்துக்கொண்டிருந்தார். புதிய இயந்திரம், தேர்வு, பயணிகளின் உயிர் ஆகிய மூன்றும் இருவர் தலையில் சுமத்தப்பட்டிருந்தன. மூன்றாமவர் ஒருவர் இருந்திருந்தால் காப்பாற்றியிருப்பார் என்று உறுதியாகக் கூற யாராலும் இயலாது. எனினும், வேகமானியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஜோடிக் கண்கள் அந்த அறையில் மிச்சமில்லை என்பது உண்மை.

இன்று நிலைமை இன்னும் முன்னே சென்றிருக்கிறது. நீண்ட பயணத்தின் நடுப்பகுதியில் ஒரே விமானியை அமர்த்தினால் போதாதா என்று ஐரோப்பாவில் ஆய்வு நடத்தினார்கள். தற்போதைய பாதுகாப்புக்கு நிகரானதாக அதை நிறுவ இயலவில்லை என்று ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை 2025-இல் கூறியது. உலகெங்கும் விமானிகள் சங்கங்கள் எதிர்த்துப் போராடியிராவிட்டால் அந்த ஆய்வின் திசை எப்படி இருந்திருக்கும் என்பதைத் தோழர்கள் ஊகிக்கலாம். மூன்றாவது இருக்கையைக் காலி செய்தவர்களின் பார்வை இப்போது இரண்டாவது இருக்கையின் மீது விழுந்திருக்கிறது.

பூட்டினால் பாதுகாப்பா?

நிர்வாகங்களின் முதல் எதிர்வாதம் பாதுகாப்பு. அதை அலட்சியமாகத் தள்ள முடியாது. 1987 டிசம்பரில் கலிஃபோர்னியாவில், பணிநீக்கம் செய்யப்பட்ட ஊழியர் ஒருவர் திருப்பித் தராத அடையாள அட்டையைக் காட்டித் துப்பாக்கியுடன் விமானம் ஏறினார். அதில் இருந்த அனைவரும் மாண்டனர். 1994 ஏப்ரலில் ஃபெட்எக்ஸ் சரக்கு விமானத்தில், ஒழுங்கு நடவடிக்கையை எதிர்நோக்கியிருந்த ஊழியர், சக ஊழியர் என்ற தகுதியில் ஏறி, விமானிகளைச் சுத்தியலால் தாக்கினார். 2023 அக்டோபரில் ஹொரைசன் ஏர் விமானத்தில், ஜம்ப் சீட்டில் அமர்ந்திருந்த, பணியில் இல்லாத விமானி ஒருவர் எஞ்சினை அணைக்கும் கைப்பிடிகளைப் பிடித்து இழுத்தார். இங்கே பெங்களூருவிலிருந்து 2025 செப்டம்பர் 22 அன்று வாரணாசி சென்ற ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் பயணி ஒருவர் விமானி அறைக் கதவைத் திறக்க முயன்றபோது, தலைமை விமானி கதவைத் திறக்க மறுத்ததும் சரியான செயலே.

ஆனால் இந்த நிகழ்வுகள் என்ன கூறுகின்றன? 1987-இல் தோற்றது அடையாளச் சரிபார்ப்பு. அதற்குத் தீர்வு உண்டு. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட முறையில், ஜம்ப் சீட் கேட்பவர் இன்றைக்கும் பணியில் இருக்கிறாரா என்பது புறப்பாட்டு வாயிலிலேயே மின்னணு வழியில் உறுதி செய்யப்படுகிறது. அதன் பின்னும் தலைமை விமானியின் ஒப்புதல் வேண்டும். 2023 நிகழ்வில் அந்த விமானி மனச்சோர்வில் இருந்தார். சிகிச்சைக்குச் சென்றால் உரிமம் பறிபோகும் என்ற அச்சம் விமானிகளிடையே எவ்வளவு ஆழமானது என்பதை அந்த வழக்கு உலகுக்குக் காட்டியது. 2015 மார்ச்சில் ஜெர்மன்விங்ஸ் துணை விமானி, தலைமை விமானியை வெளியே பூட்டிவிட்டு 150 பேருடன் ஆல்ப்ஸ் மலையில் மோதினாரே, அங்கே கதவு பூட்டித்தான் இருந்தது. பூட்டிய கதவுக்குள் தனியாக ஒருவர் இருந்ததே அங்கு ஆபத்தாக முடிந்தது. நோயுற்ற தொழிலாளி வேலை போகும் அச்சமின்றி மருத்துவரிடம் செல்ல முடிய வேண்டும் என்பதே இவ்விரண்டின் படிப்பினை. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது தீர்வாகாது.

இருக்கை ஊதியத்திற்கு மாற்றாகாது

இங்கே நம் பக்கத்துத் தோழர்களுக்கும் ஓர் எச்சரிக்கை தேவை. ஜம்ப் சீட் உரிமை என்றதும், வேறு ஊரில் குடும்பத்தை வைத்திருக்கும் விமானிகள் பணியிடம் சென்று வர அது உதவும் என்ற எண்ணமே முதலில் எழுகிறது. பெங்களூருவில் பணி, மதுரையிலோ கொச்சியிலோ வீடு என்று வாழ்பவருக்கு அது நியாயமான தேவையே. ஆனால் முதலாளி அதையே தமக்கு வசதியாக மாற்றிக்கொள்வார்.

2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தனர். துணை விமானி, நாட்டின் மேற்குக் கோடியில் சியாட்டிலில் பெற்றோருடன் வசித்தவர். பணியிடமோ கிழக்குக் கோடியில் நியூவார்க். முந்தைய இரவு முழுவதும் சரக்கு விமானங்களில் ஒட்டிப் பயணம் செய்து, ஊழியர் அறையின் சோபாவில் சற்றே கண்ணயர்ந்து, அன்று பணிக்கு ஏறினார். நியூவார்க்கில் வாடகை கொடுத்து வாழும் அளவுக்கு அவருக்கு ஊதியம் இல்லை. வீட்டு வாடகையை மிச்சப்படுத்த நிறுவனம் ஜம்ப் சீட்டைப் பயன்படுத்திக்கொண்டது என்றே இதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆகவே, பணிக்குச் செல்ல நிறுவனம் அனுப்பும் பயணம் எதுவும் ஓய்வு நேரமாகக் கணக்கிடப்படலாகாது. அது பணி நேரமே. இந்த நிபந்தனை இல்லாத ஜம்ப் சீட், உரிமை என்ற பெயரில் வரும் சுரண்டல்.

விமானி நம் வர்க்கமா?

சில தோழர்கள் கேட்கக்கூடும்: இலட்சக்கணக்கில் ஊதியம் பெறும் விமானிக்காக நாம் ஏன் எழுத வேண்டும்? தேவனஹள்ளியில் பெட்டி தூக்கும் ஒப்பந்தத் தொழிலாளியும், கழிவறை துடைக்கும் பெண்ணும், விண்வெளிப் பூங்காவுக்கு நிலம் பறிபோகாமல் மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகப் போராடி 2025 ஜூலையில் வென்ற சன்னராயப்பட்டணத்து விவசாயிகளும் அல்லவா நம்மவர்?

அவர்கள் நம்மவர்களே, அவர்களே முதலில். ஆனால் ஊதியத்தின் அளவைக் கொண்டு வர்க்கத்தை அளக்கும் பழக்கம் மார்க்சியம் அன்று. பெங்களூருவின் மதுபான அதிபர் நடத்திய கிங்ஃபிஷர் 2012-இல் முடங்கியபோது, பல மாதச் சம்பளம் கிடைக்காமல் தெருவில் நின்றவர்களில் விமானியும் இருந்தார், பொறியாளரும் இருந்தார், சுமை தூக்குபவரும் இருந்தார். உரிமையாளர் மட்டும் 2016-இல் இலண்டனுக்குப் பறந்தார். அதே 2012-இல் ஏர் இந்தியா விமானிகள் 58 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களது சங்கத்தின் அங்கீகாரம் பறிக்கப்பட்டது. அன்று வாய்மூடி வேடிக்கை பார்த்தவர்கள் பத்தாண்டுக்குள் நிறுவனமே விற்கப்படுவதையும் பார்க்க நேர்ந்தது.

மார்க்ஸ் தமது மூலதனம் நூலில், வேலை நாள் பற்றிய அத்தியாயத்தில், இலண்டனில் விசாரணை நடுவர்களின் முன் நிறுத்தப்பட்ட மூன்று இரயில்வே ஊழியர்களைப் பற்றி எழுதுகிறார். ஒருவர் கார்டு, ஒருவர் எஞ்சின் ஓட்டுநர், ஒருவர் சிக்னல்காரர். கோர விபத்துக்கு அவர்களது கவனக்குறைவே காரணம் என்பது குற்றச்சாட்டு. தங்கள் வேலை நேரம் எப்படிப் பதினான்கும் பதினெட்டும் இருபதும் மணி நேரமாக ஏறியது என்பதை அவர்கள் எடுத்துரைத்தனர். ஒரு கட்டத்திற்கு மேல் மூளை சிந்திப்பதையும் கண் பார்ப்பதையும் நிறுத்திவிடும் என்பதே அவர்கள் தரப்பு. நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த விசாரணை முடியவில்லை. கார்டின் இடத்தில் விமானி, சிக்னல்காரரின் இடத்தில் டிஸ்பாட்சர், மாற்றம் அவ்வளவே.

2025 மே 16, 17 தேதிகளில் பெங்களூருவிலிருந்து இலண்டன் சென்ற ஏர் இந்தியா விமானங்களில் விமானிகளின் பறப்பு நேரம் அனுமதிக்கப்பட்ட 10 மணி நேரத்தைத் தாண்டியதாக டிஜிசிஏவே அறிவிக்கை அனுப்பியது. 2020 ஆகஸ்டில் கோழிக்கோட்டில் 21 உயிர்களைக் குடித்த விபத்தை ஆராய்ந்த அதிகாரபூர்வ அறிக்கை, அந்தத் தளத்தில் போதுமான தலைமை விமானிகள் அமர்த்தப்படாததையும், மறுநாள் காலை விமானத்தையும் அவரே இயக்க வேண்டியிருந்த அழுத்தத்தையும் குறிப்பிட்டது. 2025 நவம்பரில் விமானிகளுக்கு வாரம் 48 மணி நேர ஓய்வும் இரவு இறக்கங்களுக்குக் கடும் வரம்பும் விதிக்கும் விதிகள் முழுமையாக நடைமுறைக்கு வந்தன. உள்நாட்டுச் சந்தையில் அறுபது விழுக்காட்டுக்கும் மேல் கைப்பற்றியிருக்கும் இண்டிகோ அதற்கேற்ப ஆள் எடுக்கவில்லை. டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. பெங்களூரு உட்பட நாடெங்கும் பயணிகள் நிலையங்களில் கிடந்தனர். ஒன்றிய அரசு ஆள் எடுக்கச் சொல்லி நிறுவனத்தைப் பணியவைத்ததா? இல்லை, ஓய்வு விதியைத் தளர்த்தியது. ஏகபோகம் பயணிகளைப் பிணையாக வைத்தது. அரசு விமானியின் உறக்கத்தை மீட்புத் தொகையாகக் கொடுத்தது.

விமானி உறங்காமல் பறக்கிறார், டிஸ்பாட்சர் பறக்காமல் திட்டமிடுகிறார் என்றால், இரண்டுக்கும் காரணம் ஒன்றே: ஆள் குறைவு. விபத்து நடந்ததும் விசாரணை முடியும் முன்பே இறந்த விமானியின் மீது பழி போடப்படுகிறது. 260 உயிர்களைப் பலிகொண்ட 2025 ஜூன் அகமதாபாத் விபத்துக்குப் பிறகு, விசாரணையில் பார்வையாளராகவேனும் தங்களைச் சேர்க்குமாறு விமானிகள் சங்கம் கேட்க நேர்ந்தது. எய்தவன் இருக்க அம்பை நோவதே ஆளும் வர்க்கத்தின் வழக்கம். அங்கும் தொழிலாளிக்கு மறுக்கப்படுவது ஓர் இருக்கைதான்.

நாம் முன்வைக்கும் கோரிக்கைகள்

1. டிஸ்பாட்சர்களின் விமானி அறைப் பயணம் ஆண்டுக்கு ஒருமுறை என்ற குறைந்தபட்சத்தோடு நிற்கலாகாது. தாம் கண்காணிக்கும் ஒவ்வொரு வழித்தடப் பிரிவிலும், பருவமழைக் காலத்தில் ஒன்றும் மூடுபனிக் காலத்தில் ஒன்றுமாக, ஊதியத்துடன் கூடிய பணி நேரத்தில் அது வழங்கப்பட வேண்டும்.

2. எல்லா நிறுவனங்களின் விமானிகளுக்கும் டிஸ்பாட்சர்களுக்கும் பொதுவான மின்னணு அடையாளச் சரிபார்ப்பு முறையை டிஜிசிஏ உருவாக்க வேண்டும். தகுதியானவருக்கு இருக்கை உரிமையாகவும், இறுதி ஒப்புதல் தலைமை விமானியிடமும் இருக்க வேண்டும். நிர்வாகத்தின் விருப்பு வெறுப்புக்கு இடம் இருக்கலாகாது. சங்கத்தில் சேர்ந்தவர் என்பதற்காக எவருக்கும் மறுக்கப்படலாகாது.

3. பணி நிமித்தம் ஜம்ப் சீட்டில் செய்யும் பயணம் ஓய்வாகக் கணக்கிடப்படலாகாது. ஓய்வு விதிகள் எந்த நிறுவனத்திற்காகவும் தளர்த்தப்படலாகாது.

4. அந்த இருக்கையை நடிகருக்கோ நண்பருக்கோ அதிகாரியின் உறவினருக்கோ முதலாளியின் விருந்தினருக்கோ கொடுப்பது யாராக இருந்தாலும் தண்டனை ஒன்றாக இருக்க வேண்டும்.

5. மனநல சிகிச்சையை நாடும் விமானியின் வேலையும் ஊதியமும் பாதுகாக்கப்பட வேண்டும். விபத்து விசாரணைகளில் தொழிற்சங்கப் பிரதிநிதிகளுக்கு இடம் வேண்டும்.

இவற்றை விமானிகள் மட்டும் கேட்டால் மேட்டுக்குடியின் சலுகை என்று ஏளனம் செய்வார்கள். டிஸ்பாட்சர்கள் மட்டும் கேட்டால் யார் இவர்கள் என்று கேட்பார்கள். விமானி, டிஸ்பாட்சர், பொறியாளர், பணிப்பெண், கட்டுப்பாட்டாளர், சுமை தூக்கும் ஒப்பந்தத் தொழிலாளி என்று தனித்தனிச் சங்கங்களாகவும் சங்கமே இல்லாதவர்களாகவும் பிரிந்து கிடப்பதே முதலாளிகளின் பலம். இருநூறு பயணிகள் ஏறும் விமானத்தை இவர்களில் எவரும் தனியாக வானில் ஏற்றிவிட முடியாது. இவர்கள் இணைந்து நிற்கும் நாளில் எந்த முதலாளியாலும் இவர்கள் இல்லாமல் அதை ஏற்ற முடியாது.

பெங்களூருவின் தமிழ்த் தோழர்கள் பலர் தேவனஹள்ளியில் பணிபுரிகின்றனர். ஒப்பந்தத் தொழிலாளர் கூட்டங்களில் டிஸ்பாட்சரையும், விமானிகள் சங்கக் கூட்டங்களில் ஒப்பந்தத் தொழிலாளியையும் கொண்டு சேர்க்கும் வேலை அவர்களிடம் தொடங்கட்டும். விமானி அறையின் மூன்றாவது இருக்கை உழைப்பவரின் இருக்கை. அதை வேடிக்கைக்குக் கொடுக்கவும் விடமாட்டோம். இலாபத்திற்காகக் காலியாக வைக்கவும் விடமாட்டோம்.